ஆரைத் தேடுறியள்?

கொழும்பு கொள்ளுப்பிட்டியின் அல்பிரட் பிளேஸில் 1960க்கும் 1962க்கும் இடையில் ஒரு வீடு எழும்பியது. வரைந்தவர் ஜெப்ரி பாவா. பத்திக் கலைஞர் ஈனா டி சில்வாவின் வீடு என்று கட்டடக்கலைப் புத்தகங்களில் அது இடம்பிடித்துவிட்டது. ஈனாவின் கணவர் ஒஸ்மண்ட் டி சில்வா 1955 முதல் 1959 வரை இலங்கையின் பொலிஸ் மா அதிபராக இருந்தவர் என்பதை அந்தப் புத்தகங்கள் போகிறபோக்கில்தான் சொல்லும். எனக்கு இங்கே அதுதான் முக்கியம். நாட்டில் நடந்த களவுகளின் கணக்கெல்லாம் ஒரு காலத்தில் மேசைக்கு வந்துகொண்டிருந்த மனிதர், ஓய்வுக்குப் பிறகு குடிபோன வீடு வீதிக்கு முதுகைக் காட்டி நின்றது. வெளிப்பக்கம் மதில். உள்ளே பெரிய முற்றம், ஒட்டினாற்போல் சின்ன முற்றங்கள், அவற்றைப் பார்த்தபடி அறைகள்.

கள்ளருக்குப் பயந்து பாவா இப்படி வரையவில்லை. நகரத்துக் காணி சிறிது, அயல் நெருங்கிக்கொண்டிருந்தது, தனிமையும் வேண்டும், காற்றும் வேண்டும். யாழ்ப்பாணத்து நாற்சார் வீடு என்றோ கண்ட விடைதான். ஆனால் பாவாவின் வீட்டைப் பார்த்துக் கட்டியவர்களில் பலர் முற்றத்தை விட்டுவிட்டு மதிலை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். போர்க்காலம் அந்த மதிலை இன்னும் உயர்த்தியது. அலரி மாளிகைக்குப் பக்கத்தில் இருக்கும் கொள்ளுப்பிட்டி பொலிஸ் நிலையத்துக்குள்ளேயே 2004 ஜூலை 7ஆம் திகதி தற்கொலைக் குண்டு வெடித்து நான்கு பொலிஸார் இறந்தார்கள். 2006 டிசம்பரில் பித்தளைச் சந்தியில் இன்னொரு தாக்குதல். அப்படிப்பட்ட ஊரில் ஒருவர் மதிலுக்கு இரண்டு வரிசை கல் கூட்டி வைத்தால் குறை சொல்ல முடியாது.

இன்று காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் நடந்து பாருங்கள். இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேலே மதில். சிலவற்றின் தலையில் பழைய பாணிப் போத்தல் ஓடு, சிலவற்றில் முட்கம்பி, வசதி கூடினால் மின்கம்பி. கேற் முழுத் தகரம். உள்ளே நாய் நிற்கிறதா, கார் நிற்கிறதா, ஆள் இருக்கிறதா என்று வெளியே தெரியாது. வீட்டுக்காரருக்கு இது நிம்மதி. மதிலேறி உள்ளே குதித்துவிட்டவனுக்கும் அதே நிம்மதி. இனி அவன் யன்னலை நெம்புவதை ஒழுங்கையில் போகிற எவரும் பார்க்கப்போவதில்லை.

எந்த வீட்டுக்குள் போவது என்று கள்ளன் எப்படித் தீர்மானிக்கிறான்? மதுரைக்காஞ்சி காட்டும் கள்வர் இடுப்பில் நூலேணி சுற்றி, நிலம் அகழும் உளியோடு நள்ளிரவில் வருகிறார்கள். நம் மனதில் இருக்கும் கள்ளனும் ஏறக்குறைய அவன்தான். 1980களில் குற்றவியல் ஆய்வாளர் சிலர் கற்பனையை ஒதுக்கிவிட்டுக் கள்ளரிடமே போய்க் கேட்டார்கள். பிரிட்டனில் ரெவர் பெனட்டும் ரிச்சர்ட் ரைட்டும் 1984இல் எழுதிய நூல் இதில் முன்னோடி. பிறகு ரைட், ஸ்கொட் டெக்கரோடு சேர்ந்து அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரில், சிறைக்கு வெளியே தொழிலில் இருந்த 105 பேரைத் தேடிப் பிடித்துப் பேசினார். இந்தப் பேச்சுகளில் திரும்பத் திரும்ப வருகிற கவலைகள் சில. உள்ளே ஆள் இருக்கிறதா? போகும்போது யாரும் பார்ப்பார்களா? எவ்வளவு சீக்கிரம் வெளியே வரலாம்? பூட்டு நல்லதா கெட்டதா என்ற யோசனை இவற்றுக்குப் பிறகுதான். உள்ளே போனவர்கள் நேரே தேடிப்போவது பெரிய படுக்கையறையை. அலுமாரியில் சேலை மடிப்புக்குள் நகைப் பெட்டியை வைக்கிற நம் வழக்கம், அவர்கள் முதலில் கை வைக்கிற இடத்தில் அதைக் கொண்டுபோய் வைக்கிற வேலை.

இதற்கு ஒரு கோட்பாட்டு வடிவத்தை 1979இல் லோரன்ஸ் கோஹனும் மார்கஸ் ஃபெல்சனும் கொடுத்திருந்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்கர் கையில் பணம் கூடியது, படிப்புக் கூடியது, அப்படியிருந்தும் வீடு உடைப்பும் கூடியது. ஏன்? பகலில் வீடு காலியாகிவிட்டது. பெண்களும் வேலைக்குப் போனார்கள். அதோடு வீட்டுப் பொருட்கள் விலை கூடி, எடை குறைந்துகொண்டே போயின. எடுக்க நினைப்பவன், எடுக்கத் தோதான பொருள், தடுக்க ஆளில்லாத நேரம், இந்த மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்தால் களவு நடக்கும் என்றார்கள். எடை குறைந்து விலை கூடிய பொருள் என்றால் நமக்கு விளக்கம் வேண்டுமா? ஐந்து பவுண் சங்கிலி 40 கிராம். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறலாம்.

ஆக, வீட்டைக் காப்பதில் முதல் சாமான் ஆள்தான். அதுவும் கேள்வி கேட்கிற ஆள். 1961இல் ஜேன் ஜேக்கப்ஸ் அமெரிக்க நகரங்களைப் பற்றி எழுதிய நூல் இதைத்தான் வாதாடியது: வீதியைப் பார்த்திருக்கும் யன்னல்கள், வாசல்படியில் குந்தியிருக்கும் கிழவர், மூலைக் கடைக்காரர் எல்லோரும் சம்பளமில்லாத காவல். 1972இல் ஒஸ்கார் நியூமன் என்ற கட்டடக் கலைஞர் இன்னும் ஒரு படி போய், எந்த இடம் யாருடையது என்று தெளிவாகத் தெரிகிற அமைப்பில்தான் குடியிருப்பவர்கள் அந்நியரைக் கேள்வி கேட்பார்கள் என்று எழுதினார். இருநூறு வீட்டுக்கு ஒரு பொது நடை என்றால் யாரும் யாரையும் கேட்பதில்லை. ஆறு வீட்டுக்கு ஒரு படிக்கட்டு என்றால் ஏழாவது முகம் பளிச்சென்று தெரியும். நியூமனின் புள்ளிவிவரங்களைப் பிறகு பலர் கிழித்தார்கள். வறுமையின் பங்கைக் கட்டடத்தின் கணக்கில் எழுதிவிட்டார் என்பது குற்றச்சாட்டு. அதில் நியாயம் உண்டு. படிக்கட்டு விஷயத்தில் மட்டும் அவர் சொன்னது வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் இருந்தவர்களுக்குப் புதிதாக இராது. லிப்ட் வாசலில் பையோடு நிற்கும் ஓர் அம்மா, புதிய முகத்தைக் கண்டதும் கேட்பார்: "ஆரைத் தேடுறியள் தம்பி?" மேல்மாடிச் சிங்களக் குடும்பத்துப் பாட்டி அதையே "காவத ஹொயன்னே?" என்பார். உண்மையாகவே ஆளைத் தேடி வந்தவனுக்கு அது உதவி. வீடு பார்க்க வந்தவனுக்கு, தன் முகம் ஒருவருக்குப் பதிந்துவிட்டது என்ற செய்தி.

இந்த இடத்தில் மேல்நாட்டுப் புத்தகங்களை நான் கொஞ்சம் மூடிவைக்க வேண்டியிருக்கிறது. கொழும்புத் தமிழருக்கு 'பார்க்கப்படுவது' எப்போதும் காவலாக இருந்ததில்லை. 1983 ஜூலைக் கலவரத்தில் தமிழர் வீடுகளைத் தேடி வந்த கும்பல்களின் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது. எந்த வீடு யாருடையது என்று தெளிவாகத் தெரிந்திருந்ததுதான் அன்று ஆபத்து. போர்க்காலம் முழுக்க வீட்டில் தங்கியிருப்போர் விவரத்தைப் பொலிஸில் பதிய வேண்டியிருந்தது. ஊரிலிருந்து ஒரு மாமி வந்து இரண்டு நாள் தங்கினாலும் பதட்டம். 2007 ஜூன் 7ஆம் திகதி விடியற்புறம் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர் 376 பேர் பஸ்களில் ஏற்றப்பட்டு கொழும்புக்கு வெளியே அனுப்பப்பட்டார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் வழக்குப் போட்டு, மறுநாளே உயர் நீதிமன்றம் அதை நிறுத்தியது. அந்த வருடங்களில் கதவைத் தட்டியவர் கள்ளனாக இருந்தால் பரவாயில்லை என்று நினைத்த வீடுகள் உண்டு. கோஹனும் ஃபெல்சனும் எழுதிய 'தடுக்க ஆள்' என்பதில், அந்த ஆளை வீட்டுக்காரர் நம்புகிறார் என்பது சொல்லாமலே அடங்கியிருக்கிறது. அந்த நம்பிக்கை இல்லாத ஊரில் மக்கள் யன்னல் திரையை இழுத்துவிட்டு, அயலில் என்ன சத்தம் கேட்டாலும் வெளியே வராமல் இருக்கப் பழகிக்கொள்கிறார்கள். அந்தப் பழக்கம் போர் முடிந்தவுடன் போய்விடவில்லை. அதேவேளை, 1983இல் எத்தனையோ தமிழ்க் குடும்பங்களைத் தங்கள் வீட்டுக்குள் ஒளித்து வைத்துக் காத்தவர்களும் பக்கத்து வீட்டுச் சிங்களவர்தான். பட்டியலில் பெயரை வாசிக்கிறவனும் முகத்தை அறிந்தவரும் வேறு வேறு ஆட்கள்.

அயலவர் செய்ய வேண்டியதைச் சம்பளத்துக்கு ஆள் வைத்துச் செய்வது இன்றைய வழி. தொடர்மாடி வாசலில் ஒரு நாற்காலி, ஒரு மேசை மின்விசிறி, நான்கு கமராக்களின் படம் ஓடும் திரை, பன்னிரண்டு மணி நேர முறைக்கு ஒரு செக்கியூரிட்டி ஐயா. இவரிடம் நாம் எதிர்பார்ப்பது மனித மூளையால் முடியாத காரியம். போர்க்கால ராடர் திரைகளைப் பார்த்திருந்தவர்கள் ஏன் இலக்குகளைத் தவறவிடுகிறார்கள் என்று பிரிட்டிஷ் விமானப்படை கேட்டபோது, நோர்மன் மக்வர்த் கேம்பிரிட்ஜில் ஒரு சோதனை வைத்தார். எண்களில்லாத முகப்பில் ஒரு முள் துள்ளித் துள்ளி நகரும். எப்போதாவது ஒரு தடவை இரட்டைத் துள்ளல். அதைக் கண்டவுடன் பொத்தானை அழுத்த வேண்டும். 1948இல் வெளியான முடிவு: முதல் அரை மணி நேரத்துக்குள்ளேயே கண்டுபிடிக்கும் திறன் சரிகிறது. அரிதாக நடக்கிற ஒன்றுக்காகச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பது மூளைக்குக் கடும் தண்டனை. ஆகவே செக்கியூரிட்டி ஐயா தூங்குகிறார் என்று நிர்வாகக் கூட்டத்தில் சத்தம் போடுவதைவிட, அவருக்குச் செய்வதற்கு ஏதாவது கொடுப்பது பலன் தரும். வருவோரின் பெயரை எழுதிவைக்கட்டும், மணிக்கொரு தடவை மாடி ஏறி இறங்கட்டும், பார்சல் வாங்கி வைக்கட்டும். வேலை இருக்கிற கண் விழித்திருக்கும்.

கமரா என்ற பொருளில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. நடந்ததைப் பிறகு பார்க்க உதவும். நடக்காமல் தடுப்பதில், வாகனத் தரிப்பிடங்களில் நன்றாக வேலை செய்கிறது, மற்ற இடங்களில் சுமார் என்பதுதான் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்களின் முடிவு. நியூகாசில் பல்கலைக்கழகத்தில் கமராவுக்குப் பதில் வெறும் கண் படத்தை வைத்துப் பார்த்தார்கள். முறைக்கும் கண்களின் படத்தைச் சைக்கிள் தரிப்பிடங்களில் ஒட்டியபோது அங்கே களவு 62 வீதம் குறைந்தது. படம் ஒட்டாத தரிப்பிடங்களில் 65 வீதம் கூடியது. நாவூறுக்கு வாசலில் கட்டித் தொங்கவிடும் பூசணிக்காயின் முட்டைக் கண்ணுக்கு விஞ்ஞானச் சான்று கிடைத்துவிட்டது என்று யாரும் துள்ள வேண்டாம். கள்ளன் பக்கத்துத் தரிப்பிடத்துக்குப் போனான், அவ்வளவே.

இனி இரும்புக்கு வருவோம். கடலோரத்து வீட்டுக்கு இதில் தனிக்கதை இருக்கிறது.

பெரும்பாலான வீட்டுப் பூட்டுகளுக்குள் இருப்பது ஊசிப் பொறிமுறை. ஒரு சிலிண்டர், அதன் குறுக்கே ஐந்தாறு துளை, ஒவ்வொரு துளையிலும் இரண்டு துண்டாக வெட்டிய சின்னப் பித்தளை ஊசி, மேலே ஒரு சுருள்வில். சரியான திறப்பைப் போட்டால் அதன் பற்கள் எல்லா ஊசிகளின் வெட்டு வாயையும் ஒரே கோட்டில் நிறுத்தும், சிலிண்டர் திரும்பும். மரத்தால் இதைப் பழைய எகிப்தியர் செய்தார்கள். இன்றைய வடிவத்தை 1860களில் அமெரிக்காவின் லைனஸ் யேல் கொடுத்தார். திண்டுக்கல்லின் மாங்காய்ப் பூட்டு வேறு இனம். அதன் உள்ளே தகடுகள். 1851 லண்டன் பெருங்கண்காட்சியின்போது அல்பிரட் ஹொப்ஸ் என்ற அமெரிக்கர், திறக்கவே முடியாது என்று விளம்பரம் செய்யப்பட்ட சப் பூட்டை 25 நிமிடத்தில் திறந்து காட்டினார். பிராமா பூட்டுக்கு அவருக்குப் பல நாள் பிடித்தது, திறந்துவிட்டார். படம் பார்த்தவர்கள் கள்ளரெல்லாம் ஹொப்ஸ் என்று நினைக்கிறார்கள். சாதாரணக் கள்ளன் பூட்டோடு மல்லுக்கட்ட மாட்டான். பூட்டைச் சுற்றியிருக்கும் மரத்தைப் பார்ப்பான். 60 சென்றிமீற்றர் அலவாங்கு, நுனியிலிருந்து 2 சென்றிமீற்றரில் முட்டுக் கொடுத்தால் விசை ஏறக்குறைய 30 மடங்கு. 40 கிலோ எடையளவுக்குத் தள்ளினால் கதவு நிலையில் ஏறக்குறைய 1,200 கிலோ அழுத்தம். பத்தாயிரம் ரூபாய்ப் பூட்டை அரை அங்குல ஆணியால் நிலையில் அறைந்திருந்தால் விட்டுக்கொடுப்பது ஆணிதான். பூட்டு நாக்கு போய் உட்காரும் தகட்டை, மரச்சட்டத்தைத் தாண்டிச் சுவரைப் பிடிக்கும் மூன்று அங்குலத் திருகாணியால் முடுக்கச் சொல்லுங்கள். தச்சருக்குக் கால் மணி நேர வேலை. வீட்டுப் பாதுகாப்பில் இவ்வளவு மலிவான வேறொன்றை நான் அறியேன்.

வலு என்பது இங்கே நேரத்தால் அளக்கப்படுகிறது. ஐரோப்பியத் தரக்கட்டளையில் வீட்டுக் கதவுக்கான ஒரு படி சாதாரணக் கருவிகளுக்கு மூன்று நிமிடம் தாக்குப்பிடிக்க வேண்டும். அடுத்த படிக்கு ஐந்து நிமிடம். அவ்வளவுதானா என்று கேட்கலாம். நெதர்லாந்தில் 1999 முதல் கட்டப்படும் புதிய வீடுகள் எல்லாவற்றுக்கும் உடைக்கக் கடினமான கதவு, யன்னல் கட்டாயம் என்று சட்டம் வந்தது. அந்த வீடுகளில் வீடு உடைப்பு சுமார் கால்வாசி குறைந்தது. பக்கத்திலிருந்த பழைய வீடுகளுக்கு அது நகர்ந்துபோனதாகவும் தெரியவில்லை. மூன்று நிமிடச் சத்தத்தைத் தாங்கிக்கொண்டு நிற்கக் கள்ளனுக்கு மனம் வருவதில்லை. இங்கிலாந்தின் குற்ற ஆய்வுத் தரவுகளை வைத்து நிக் ரில்லியும் கூட்டாளிகளும் கண்டது இன்னும் சுவையானது. யன்னல் பூட்டு, குறித்த நேரத்தில் தானே எரியும் உள்விளக்கு, கதவுக்கு இரட்டைப் பூட்டு, ஆள் அசைந்தால் எரியும் வெளிவிளக்கு, இந்த நான்கும் சேர்ந்த வீடு, ஒன்றுமே இல்லாத வீட்டைவிட 49 மடங்கு பாதுகாப்பானது. தனித்தனியாக எடுத்தால் எந்த ஒன்றும் இந்தக் கூட்டுப் பலனுக்குக் கிட்ட வரவில்லை. அலறும் அலாரத்தால் பெரிய பலன் இல்லை.

ஆனால் டச்சுக்காரரின் யன்னல் கொழும்புக் கடலோரத்து மரைன் டிரைவில் எத்தனை வருடம் நிற்கும்? கடலைப் பார்த்த பால்கனிக் கிறிலில் ஒரு புதிய ஆமைப்பூட்டைத் தொங்கவிட்டு ஒரு மழைக்காலம் கழித்துப் பாருங்கள். கொண்டியின் வளைவில் முதலில் செம்புள்ளி. பிறகு தேநீர்க் கறை போலக் கீழே ஒழுகிய கோடு. பிறகு திறப்பு உள்ளே போகும், திரும்பாது. அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகளைக் காற்று கரைக்குக் கொண்டுவருகிறது. கரையோர ரயில் தண்டவாளத்தைத் தாண்டி முதல் வரிசைக் கட்டடங்களில்தான் அதிகம் படியும். உள்ளே போகப் போக வேகமாகக் குறையும். படிந்த உப்பு சும்மா இருப்பதில்லை. காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் கறியுப்பு தானே ஈரத்தை உறிஞ்சிக் கரைசலாகிறது, கொழும்பு இரவில் அது தாண்டாத நாள் அபூர்வம். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைட்டுக்கு அதில் பாதி ஈரப்பதனே போதும். ஆகவே மழை பெய்யாத இரவிலும் உங்கள் கிறில் நனைந்துதான் இருக்கிறது.

நனைந்த இரும்பில் நடப்பதை கேம்பிரிட்ஜின் யூலிக் எவன்ஸ் ஒற்றை உப்புநீர்த் துளியை வைத்துக் காட்டினார். துளியின் ஓரத்தில் காற்றின் ஒட்சிசன் தாராளமாகக் கரைகிறது, நடுவில் குறைவு. இந்த வித்தியாசமே ஒரு சின்ன மின்கலம். நடுவில் இரும்பு கரைகிறது. இலத்திரன்கள் உலோகத்தினூடாக ஓரத்துக்கு ஓடுகின்றன. இரண்டுக்கும் இடையே துரு வளையமாகப் படிகிறது. குளோரைட்டு மின்னோட்டத்துக்கு வழி விடுவதோடு, துருப்பிடிக்காத உருக்கைக் காக்கும் மெல்லிய ஒட்சைட்டுத் தோலையும் ஊசிமுனையளவு இடங்களில் துளைத்துவிடுகிறது. கடைக்காரர் 'ஸ்டெயின்லெஸ்' என்று கொடுத்த தாழ்ப்பாள் ஒரு வருடத்தில் புள்ளி விழுந்தால் அது பெரும்பாலும் 304 வகை. 316 என்று கேட்டு வாங்குங்கள். அதில் 2 முதல் 3 வீதம் மொலிப்டினம் இருக்கிறது, உப்புக்கு ஓரளவு தாக்குப்பிடிக்கும். ஆமைப்பூட்டு என்றால் உடல் பித்தளையாக இருக்கட்டும். பூட்டுக்குத் தேங்காயெண்ணெய் விடுகிற பழக்கத்தை நிறுத்தலாம். அது தூசியைப் பிடித்துச் சேறாக்கும். கிறிலை வாரத்துக்கொரு தடவை நல்ல தண்ணீரால் கழுவுவது எந்தப் பெயின்ருக்கும் குறையாத காவல்.

கிறில் பற்றி இன்னொன்று. எல்லா யன்னலுக்கும் நிரந்தரக் கம்பி போட்டு, வாசலுக்கு இரட்டைப் பூட்டுப் போட்டு, திறப்பை அலுமாரியில் ஒளித்துவைத்த வீட்டில் தீப்பிடித்தால் என்ன செய்வது? படுக்கையறைக் கிறிலில் ஒன்றாவது உள்ளிருந்து திறக்கும்படி இருக்க வேண்டும். அதன் திறப்பு எங்கே தொங்குகிறது என்று வீட்டுப் பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும். இதை வாதமாக எழுத எனக்கு விருப்பமில்லை, செய்துவிடுங்கள்.

ஆள் அசைந்தால் எரியும் விளக்குக்கும் இந்த ஊர் ஒரு சோதனை வைத்திருக்கிறது. சுவரில் இருக்கும் அந்த வெள்ளை அரைக்கோளம் உங்களைப் பார்ப்பதில்லை. உங்கள் சூட்டை உணர்கிறது. மனிதத் தோல் ஏறத்தாழ 33 பாகை செல்சியஸ். அந்தச் சூட்டில் இருக்கும் பொருள் ஒன்பதரை மைக்ரோமீற்றர் அலைநீளத்தை ஒட்டி அதிகமாகக் கதிர் வீசும். கோளத்தின் உட்புற வில்லைகள் முற்றத்தைக் கீற்றுக் கீற்றாகப் பிரித்து இரண்டு உணரித் துண்டுகளில் விழுத்துகின்றன. இரண்டும் எதிரெதிராக இணைக்கப்பட்டிருப்பதால் சூழல் முழுக்கச் சூடேறினால் ஒன்றையொன்று அழித்துவிடும். சூடான உருவம் ஒன்று குறுக்கே நடந்தால் ஒரு துண்டில் முதலில், மற்றதில் பிறகு விழும். அந்த ஏற்ற இறக்கம்தான் விளக்கைப் போடுகிறது. எல்லாம் உடலுக்கும் பின்னணிக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தில் நிற்கிறது. கொள்ளுப்பிட்டியின் கடற்பக்கச் சுவர்கள் மேற்குப் பார்த்தவை. பின்னேரம் நான்கு, ஐந்து மணிக்கு வெயில் குடித்த சுவர் மனிதத் தோலின் சூட்டை எட்டிவிடும், தாண்டவும் செய்யும். அப்போது அதன் முன்னால் நடப்பவர் உணரிக்கு ஏறக்குறையக் கண்ணுக்குத் தெரியாதவர். உணரியைக் கடலுக்கு நேரே பார்க்க வைக்காமல், நிழல் விழும் நடைபாதைக்குக் குறுக்காக வையுங்கள். நேரே அதை நோக்கி நடந்து வருபவரைவிடக் குறுக்கே கடப்பவரை அது சீக்கிரம் பிடிக்கும்.

வெளிச்சம் பற்றிய ஆய்வுகள் ஒன்றோடொன்று முட்டுகின்றன. 2016இல் நியூயோர்க்கின் அரச தொடர்மாடிகளில் பெரும் விளக்குகளை வைத்தபோது இரவு நேரத்தில் வெளியிடங்களில் நடக்கும் கடும் குற்றங்கள் சுமார் 36 வீதம் குறைந்தன. அதற்கு முந்தைய வருடம் இங்கிலாந்து, வேல்ஸில் 62 உள்ளூராட்சிப் பகுதிகளை ஆராய்ந்தவர்கள், வீதி விளக்குகளை அணைத்ததாலோ மங்க வைத்ததாலோ குற்றம் கூடியதற்குச் சான்று காணவில்லை. 2022 மார்ச்சில் எரிபொருளுக்கு வழியில்லாமல் இலங்கை அரசு வீதி விளக்குகளை அணைக்கச் சொன்னது, நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேலும் மின்வெட்டு. அந்த இரவுகளை நினைத்துப் பார்த்தால் இரண்டு ஆய்வும் சரியாக இருக்கலாம் என்று தோன்றுகிறது. வெளிச்சம், அதில் பார்க்கிற ஆள் இருக்கும் இடத்தில்தான் காவல். ஆளில்லாத பின்வளவில் இரவு முழுக்க எரியும் குமிழ், நெம்புகிறவனுக்கு ரோச் பிடிக்கிற வேலையை மிச்சப்படுத்தும்.

இவ்வளவும் வீடு உண்மையில் எவ்வளவு பாதுகாப்பானது என்பது பற்றி. பாதுகாப்பாக உணர்வது வேறு கணக்கு. கரையோரப் பாதையில் கடைசி ரயில் கட்டிலையே ஆட்டிக்கொண்டு போகும், தூக்கம் கலையாது; சமையலறைக் கொண்டி 'டிக்' என்றால் எழுந்து உட்காருவோம். பழகிய பெருஞ்சத்தத்தை மூளை தள்ளிவிடுகிறது, பழகாத சிறுசத்தத்துக்குக் காத்திருக்கிறது. புது இடத்தில் முதல் இரவு தூக்கம் வராததற்கும் காரணம் உண்டு. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் 2016இல் மசாகோ தமாகியும் யுகா சசாகியும் மற்றவர்களும் கண்டபடி, முதல் இரவில் மூளையின் இடப்பாதி வலப்பாதியளவுக்கு ஆழ்ந்து தூங்குவதில்லை. அன்னியச் சத்தத்துக்கு அது விரைந்து எழுப்புகிறது. ராண்டொல்ப் நெஸ் என்ற மருத்துவர் இந்த அதீத எச்சரிக்கைக்கு ஒரு கணக்குச் சொன்னார். வீணாக எழும்புவதன் செலவு 1, கள்ளன் வந்தும் எழும்பாமல் கிடப்பதன் செலவு 1,000 என்றால், ஆயிரம் தடவையில் ஒரு தடவையே கள்ளன் வருவான் என்றாலும் ஒவ்வொரு தடவையும் எழும்புவதுதான் நட்டமில்லாத வழி. பல்லி விழுந்ததற்கு எழும்பிய அம்மம்மாவைக் கேலி செய்யாதீர்கள். அவருடைய கணக்குச் சரி.

அந்தக் கணக்கு ஊரளவுக்குப் பெருகினால் என்ன ஆகும் என்பதை 2011 ஓகஸ்டில் இந்த நாடே பார்த்தது. உடம்பில் கிறீஸ் பூசிக்கொண்டு, பிடித்தால் வழுக்கிப்போகும் மர்ம மனிதன் இரவில் வீடுகளுக்குள் வந்து பெண்களைத் தாக்குகிறான் என்ற செய்தி மலையகத்திலும் கிழக்கிலும் பரவியது. கிறீஸ் பூதம் என்றார்கள். ஊர் ஊராகத் தடியோடு காவல் இருந்தார்கள்; சந்தேகத்தில் ஆட்கள் அடித்துக் கொல்லப்பட்டார்கள். புத்தளத்தில் ஒரு பொலிஸ்காரர் கொல்லப்பட்டார். யாழ்ப்பாணம் நாவாந்துறையில் மக்களுக்கும் இராணுவத்துக்கும் மோதல் வந்து சுமார் நூறு பேர் பிடிக்கப்பட்டார்கள். வதந்தி என்று ஒற்றைச் சொல்லில் முடித்தவர்களோடு நான் உடன்படமாட்டேன். துரத்திய ஆள் முகாம் பக்கம் ஓடினான் என்று மக்கள் சொன்னார்கள். முறையிடப் போன இடத்தில் நம்பிக்கை இல்லை. போர் முடிந்து இரண்டு வருடம். யாரிடம் சொல்வது என்று தெரியாதபோது ஒவ்வொரு நிழலுக்கும் அலறுவதுதான் மிச்சமிருக்கும் அலாரம்.

வீட்டளவில் அந்தப் பயத்தைக் குறைப்பது, என்ன செய்வது என்று முன்கூட்டியே தெரிந்திருப்பது. கட்டிலருகே ரோச், கைபேசி, 119 என்ற எண், உள்ளிருந்து பூட்டக்கூடிய ஓர் அறை. சத்தம் கேட்டால் விளக்கைப் போட்டு உரத்துப் பேசுங்கள், தேடிக்கொண்டு போகாதீர்கள். பெரும்பாலான கள்ளருக்கு ஆள் விழித்திருப்பதே போகச் சொல்லும் செய்தி. போகிற வழியை மறித்தால்தான் அவன் கையில் இருப்பது ஆயுதமாகும்.

ஒரு தடவை உடைக்கப்பட்ட வீட்டில் எல்லோரும் ஆறுதல் சொல்வார்கள்: இனி வரமாட்டான். புள்ளிவிவரம் நேரெதிர். இங்கிலாந்தின் ரொச்டேலில் கர்க்ஹோல்ட் என்ற குடியிருப்பில் 1980களின் நடுவில் வீடு உடைப்பு தாங்க முடியாமல் இருந்தது. கென் பீஸும் மற்றவர்களும் கணக்குப் பார்த்தபோது, ஒரு தடவை உடைக்கப்பட்ட வீடு மறுபடி உடைக்கப்படும் வாய்ப்பு மற்ற வீடுகளைவிட நான்கு மடங்கு. கள்ளனுக்கு வழி தெரியும், நாய் இல்லை என்று தெரியும், காப்புறுதியில் புதுச் சாமான் வந்திருக்கும் என்றும் தெரியும். பக்கத்து வீடுகளுக்கும் ஆபத்துப் பரவுகிறது. லிவர்பூல் பக்கத்துத் தரவுகளில் 400 மீற்றர் தூரம் வரை, ஓரிரு மாதத்துக்கு. மேய்ச்சல் நல்ல இடத்தைக் கண்ட விலங்கு சுற்றிச் சுற்றி அங்கேயே மேய்வதை விளக்கும் அதே தர்க்கம் இங்கேயும் பொருந்துகிறது. கர்க்ஹோல்டில் உடைக்கப்பட்ட வீடுகளை மட்டும் உடனே பலப்படுத்தினார்கள். கள்ளர் உண்டியல் போல உடைக்கும், காசு போட்டு எரிக்கும் மின்மானிகளைக் கழற்றினார்கள். சுற்றியிருந்த ஐந்தாறு வீட்டாரிடம் இந்த வீட்டில் ஒரு கண் வைத்திருங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். மூன்று வருடத்தில் வீடு உடைப்பு 75 வீதம் குறைந்தது.

நம்மிடையே இதற்கு ஒரு தடை இருக்கிறது. களவு போனதை வெளியே சொல்லமாட்டோம். எவ்வளவு நகை இருந்தது என்று ஊருக்குத் தெரிந்துவிடும், மகளின் கலியாணப் பேச்சுக்கு இடைஞ்சல் வரும், பொலிஸுக்குப் போனால் அலைச்சல். நகைக் கணக்கைச் சொல்ல வேண்டாம். எதிர் வீட்டுக்கும் மேல்மாடிக்கும் கீழ்மாடிக்கும் செக்கியூரிட்டி ஐயாவுக்கும் அன்றைக்கே சொல்ல வேண்டியது, எந்த யன்னலால் வந்தான், எத்தனை மணிக்கு என்பது. அடுத்த இரண்டு மாதம் அந்த யன்னலை அவர்களும் பார்ப்பார்கள். பொலிஸ் முறைப்பாட்டு இலக்கம் காப்புறுதிக்கும் வேண்டும். திறப்பும் சேர்ந்து போயிருந்தால் முழுப் பூட்டையும் மாற்றத் தேவையில்லை. உள்ளிருக்கும் சிலிண்டரை மட்டும் மாற்றலாம். பழைய சிலிண்டரைக் கழற்றிக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள், நீளம் கதவுக்குக் கதவு மாறும்.